அமெரிக்கப் பள்ளிக்கு லேபிள் சேர்க்கப் போகிறீர்களா? கத்தரிக்கோலை எடுக்கும் முன்

அமெரிக்காவில் பிள்ளையைக் கிண்டர்கார்டனில் சேர்த்த சில வாரங்களில் பள்ளிப் பையில் ஒரு தாள் வரும். சீரியல் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், லேபிளைப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று அதில் இருக்கும். சேர்த்து அனுப்பும் லேபிளுக்கு இத்தனை சென்ட் என்று உணவு நிறுவனங்கள் பள்ளிக்குப் பணம் தரும் திட்டங்கள் இவை. பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போய், "நான் ஏதாவது உதவட்டுமா?" என்று கேட்டீர்களென்றால் அந்த வேலை உங்கள் கைக்கே வந்து சேரும். பார்க்கச் சுலபமான வேலைதான். ஆனால் பழைய விதியை நம்பி மாதக்கணக்கில் வெட்டிச் சேர்த்த பை ஒரு சென்ட்டுக்கும் பெறாமல் போவது இதில் சாதாரணம். எந்த வரிசையில் செய்தால் அப்படி வீணாகாது என்பதைக் கீழே பாருங்கள்.

1. திட்டம் இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள்

பள்ளி அலுவலகத்தில் கிடக்கும் தாள்கள் பல வருடம் பழையவையாக இருக்கும். யாரும் திருத்துவதில்லை, ஒவ்வொரு ஆகஸ்டிலும் அதையே நகலெடுத்து விநியோகிப்பார்கள். கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் 'லேபிள்ஸ் ஃபார் எஜுகேஷன்' 2016-லேயே முடிந்துவிட்டது. இன்றும் சில வீடுகளில் அந்த சூப் டப்பா லேபிளை உரித்து டிராயரில் போட்டு வைத்திருக்கிறார்கள். வாங்கும் தொகையில் ஒரு சிறு பங்கைத் தொண்டு அமைப்புக்குத் தந்த அமேசான் ஸ்மைல் 2023 பிப்ரவரியில் நின்றுபோனது. இவை இரண்டும் உங்கள் தாளில் இருந்தால், மற்ற வரிகளையும் அதே சந்தேகத்தோடு படியுங்கள்.

ஒவ்வொரு திட்டத்துக்கும் நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்றுக்கு எத்தனை சென்ட், எந்தப் பொருள்கள், எப்படி அனுப்ப வேண்டும் (ரசீதா, லேபிளா, மூடியா), கடைசித் தேதி எது, பணம் யார் பெயரில் வரும். இந்த ஐந்தில் ஒன்றுக்காவது பதில் கிடைக்காத திட்டத்தை எடுக்காதீர்கள்.

இன்றைக்கு நீங்கள் பார்க்கக்கூடியவை நான்கு வகை. முதல் வகை ரசீதை ஸ்கேன் செய்வது. சீரியல் தயாரிக்கும் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் பாக்ஸ் டாப்ஸ் இதில் பெரியது. இரண்டாவது, கடைகளின் சொந்த பிராண்ட் பொருள்களின் பார்கோடை வெட்டி அனுப்புவது. மத்திய மேற்கு மாநிலக் கடைகளில் விற்கும் பெஸ்ட் சாய்ஸ் பிராண்ட், லேபிளுக்கு 3 சென்ட் என்று நடத்திய திட்டம் இதற்கு உதாரணம். மூன்றாவது, பால் கேன் மூடிகள். சில வட்டாரப் பால் நிறுவனங்கள் மூடிக்கு இத்தனை சென்ட் என்று தருவதுண்டு. நான்காவது, குரோகர் போன்ற கடைகளில் வாடிக்கையாளர் அட்டையை ஓர் அமைப்போடு இணைத்துவிடுவது; நீங்கள் அங்கே வாங்க வாங்க, கடை அந்த அமைப்புக்குக் கொஞ்சம் பணம் தரும். இதில் வெட்டவும் வேண்டாம், ஸ்கேன் செய்யவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் தொடங்காதீர்கள். ஒரு ரசீதுத் திட்டம், ஒரு லேபிள் அல்லது மூடித் திட்டம், இரண்டு போதும். மூன்றாவதைச் சேர்த்தால் பெற்றோர் குழம்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அனுப்புவார்கள்; அதைப் பிரித்தெடுக்க உங்கள் ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

2. பொறுப்பையும் தாள்களையும் முதலிலேயே சரிசெய்யுங்கள்

முதல்வரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள்: இந்தக் கல்வியாண்டில் இந்தத் திட்டத்துக்கு நீங்கள் ஒருங்கிணைப்பாளர் என்று இரண்டு வரி இருந்தால் போதும். திட்டத்தின் தளத்தில் பதிவு செய்யும்போது ஏற்கெனவே வேறொருவர் பெயர் இருப்பதைப் பார்ப்பீர்கள். பெரும்பாலும் பிள்ளை மேல்நிலைக்குப் போய்விட்ட ஏதோ ஒரு பெற்றோர் பெயர். அதை மாற்ற அந்த மின்னஞ்சல் தேவைப்படும். மாற்றம் முடியச் சில வாரங்கள் எடுக்கலாம், ஆகவே செப்டம்பர் முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

அடுத்தது, பணம் யாருக்கு என்ற கேள்வி. பள்ளியும் பெற்றோர் சங்கமும் சட்டப்படி இரண்டு தனி அமைப்புகள். அரசுப் பள்ளிக்கு உள்ள வரி எண் பெரும்பாலும் மாவட்டக் கல்வி நிர்வாகத்துடையது. சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் இ.ஐ.என். (அமைப்புகளுக்கு வரித்துறை தரும் அடையாள எண்) இருக்கும். பள்ளி எண்ணைப் போட்டுச் சங்கத்தின் பெயரை எழுதினால் படிவம் திரும்பி வரும், அல்லது செக்கை வங்கி வாங்காது. பாக்ஸ் டாப்ஸ் பணம் பள்ளிக்கே போகிறது. மற்றவற்றில் விதியைப் பாருங்கள்.

சங்கத்தின் பெயரில் பதிவு செய்வதென்றால் பொருளாளரிடம் கேட்க வேண்டியவை:

— வரித்துறை இ.ஐ.என். கொடுத்தபோது அனுப்பிய கடிதம், சி.பி. 575. அது தொலைந்திருந்தால் வரித்துறைக்குத் தொலைபேசி செய்து 147சி என்ற மாற்றுக் கடிதம் கேட்கலாம்.
— 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள இலாப நோக்கற்ற அமைப்பு என்ற தகுதியை உறுதிசெய்யும் கடிதம்.
— பணம் தருபவருக்கு வரி எண்ணைத் தெரிவிக்கும் டபிள்யூ-9 படிவம், கையெழுத்திட்டது. இதில் உங்கள் சொந்த சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எக்காரணம் கொண்டும் எழுதாதீர்கள். எழுதினால் அந்தப் பணம் உங்கள் வருமானம் என்று கணக்கில் ஏறிவிடும்.

விற்பனை வரி விலக்குச் சான்றிதழ் என்று மாநிலம் தரும் தாள் ஒன்றும் சங்கத்தின் கோப்பில் இருக்கும். அதிலுள்ள எண் வேறு, இ.ஐ.என். வேறு. புதியவர்கள் மாற்றி எழுதுவது இங்கேதான்.

வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் இதைச் செய்யலாமா என்று நம்மவர்கள் கேட்பார்கள். பாக்ஸ் டாப்ஸ் கிண்டர்கார்டன் முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள முறையான பள்ளிகளுக்கானது. சனிக்கிழமை மொழி வகுப்பு அதில் வராது. தமிழ்ப் பள்ளி இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருந்தால் குரோகர் மாதிரியான அட்டை இணைப்புத் திட்டங்களில் சேரலாம். அதற்கு லேபிள் எதுவும் தேவையில்லை என்பது கூடுதல் நிம்மதி.

3. பாக்ஸ் டாப்ஸ்: வெட்டாதீர்கள், ரசீதை வையுங்கள்

பலர் ஏமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1996 முதல் பல ஆண்டுகள் பெட்டியின் மேல்மடலில் இருந்த சின்னச் சதுரத்தை வெட்டிக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு 10 சென்ட். 2019-இல் அது செல்பேசிச் செயலிக்கு மாறியது. இப்போது பெட்டியில் அச்சாகும் சின்னமும் பார்வைக்குப் பழையது மாதிரியேதான் இருக்கும். ஆனால் 'இனி வெட்ட வேண்டாம், ரசீதை ஸ்கேன் செய்யுங்கள்' என்று பக்கத்தில் எழுதியிருக்கும். அதை வெட்டிக் கொண்டுவந்தால் மதிப்பு பூஜ்யம். பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர் என்று அக்கறையாக வெட்டித் தருபவர்களிடம் இதை முகம் சுளிக்காமல் சொல்வது ஒருங்கிணைப்பாளரின் முதல் வேலை. பழைய வகைத் துண்டுகள் யாரிடமாவது இருந்தால் அதில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி போனது செல்லாது.

செய்ய வேண்டிய முறை:

செயலியை இறக்கிக் கணக்குத் தொடங்குங்கள். பள்ளியைத் தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். லிங்கன் எலிமென்டரி, வாஷிங்டன் எலிமென்டரி என்ற பெயரில் நாடு முழுக்கப் பள்ளிகள் உண்டு. ஜிப் கோடு போட்டுத் தேடி, தெரு முகவரியையும் பாருங்கள். தவறான பள்ளியைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. பணம் ஒழுங்காக வேறு மாநிலத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். பெற்றோருக்கு அனுப்பும் குறிப்பில் பள்ளி முகவரியுள்ள ஸ்கிரீன்ஷாட் ஒன்றை இணைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

வாங்கிய 14 நாளுக்குள் ரசீதை ஸ்கேன் செய்ய வேண்டும். ஞாயிறு இரவு என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டால் தவறாது. கடையின் பெயர், தேதி, பொருள் வரிசை, மொத்தத் தொகை எல்லாம் படத்தில் தெரிய வேண்டும். நீள ரசீதென்றால் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். பகுதி பகுதியாக எடுங்கள். ஒரு படத்தின் கடைசி இரண்டு வரி அடுத்த படத்தின் தொடக்கத்திலும் வரட்டும். கசங்கியதை மேசையில் நீவி, இருண்ட துணி மேல் வைத்து எடுத்தால் எழுத்து தெளிவாக விழும். கார் டாஷ்போர்டில் வெயிலில் கிடந்த ரசீது கறுத்துப்போகும் அல்லது வெளிறிப்போகும். வெப்பத்தாளின் இயல்பு அது. கடையிலிருந்து வந்ததும் படம் எடுத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கியதற்கு மின்னஞ்சல் ரசீதைச் சமர்ப்பிக்கும் வழியைச் செயலியே காட்டும்.

ஒரு ரசீது ஒரே தடவைதான் செல்லும். கணவனும் மனைவியும் தனித்தனிக் கணக்கில் ஒரே ரசீதைப் போட்டால் இரண்டாவது நிராகரிக்கப்படும். வீட்டில் யார் போடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பிராண்ட் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். சீரியோஸ், நேச்சர் வேலி, பெட்டி கிராக்கர், ஆனிஸ், ஓல்ட் எல் பாசோ, டோட்டினோஸ் போன்ற ஜெனரல் மில்ஸ் பெயர்களில்தான் அதிகம் கிடைக்கும். பில்ஸ்பரி என்று பெயர் போட்டிருப்பதால் இந்தியக் கடையில் வாங்கிய பில்ஸ்பரி ஆட்டா மாவும் சேரும் என்று கணக்குப் போடாதீர்கள். பெயர் ஒன்றென்பது போதாது, அந்தக் குறிப்பிட்ட பொருள் பட்டியலில் இருக்க வேண்டும். தவிர, பல இந்தியக் கடை ரசீதுகளில் பொருளின் பெயர் இல்லாமல் 'மளிகை' என்று மட்டும் அச்சாகும். செயலியால் எதையும் அடையாளம் காண முடியாது.

ரசீதில் மருந்து வாங்கிய விவரமும் இருக்கலாம். அது படத்தில் போவதில் விருப்பமில்லையென்றால் மருந்துக்குத் தனி பில் போடச் சொல்லுங்கள். பெற்றோரிடமிருந்து ரசீதுகளை வாங்கி நீங்களே ஸ்கேன் செய்து கொடுக்கும் பழக்கத்தை ஆரம்பிக்காதீர்கள். அட்டையின் கடைசி எண்கள், உறுப்பினர் எண் எல்லாம் உங்கள் வீட்டில் குவியும், 14 நாள் கெடுவும் உங்கள் தலையில்.

பிள்ளை இல்லாதவர்களும் உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். அலுவலக நண்பர்கள், குடியிருப்பில் இருக்கும் மாணவர்கள் என்று நான்கைந்து பேர் சேர்ந்தால், அலட்சியமாக இருக்கும் இருபது பெற்றோருக்குச் சமம்.

எவ்வளவு வரும்? 400 பிள்ளைகள் உள்ள பள்ளியில் 130 குடும்பங்கள் மாதம் ஐந்து பொருளுக்கு ஸ்கேன் செய்தால் மாதம் 65 டாலர், ஒன்பது மாதத்தில் 585 டாலர். வகுப்புக்குப் புத்தகம் வாங்கலாம், விளையாட்டுத் திடல் போட முடியாது. இதைச் சங்கக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணத்துக்காக வேண்டாத சீரியலை வாங்குவது நஷ்டம்: நான்கு டாலர் பெட்டிக்கு 10 சென்ட். வாங்க இருந்ததற்கு மட்டும் ஸ்கேன் செய்யுங்கள்.

4. வெட்டிச் சேர்க்கும் லேபிள்கள்

பார்கோடு, அதாவது யு.பி.சி., முழுதாக இருக்க வேண்டும்: கோடுகள், அடியிலுள்ள எண்கள், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் வெற்றிடம். எண்ணில் ஒரு இலக்கம் வெட்டுப்பட்டாலும் சில திட்டங்கள் ஏற்பதில்லை. பிராண்ட் பெயரும் தெரிய வேண்டும் என்ற விதி இருந்தால் அதையும் சேர்த்து வெட்டுங்கள்.

எப்போது வெட்டுவது என்பது முக்கியம். பெட்டி காலியான பிறகே வெட்டுங்கள். புதுப் பெட்டியை வெட்டிவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதே பக்கத்தில் இருந்த காலாவதித் தேதியும் தொகுப்பு எண்ணும் போய்விடும். நிறுவனம் ஒரு பொருளைத் திரும்பப் பெறும்போது உங்கள் வீட்டுப் பெட்டி அதில் அடங்குமா என்று சொல்லும் எண் அதுதான். விலையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் சலுகைக்கும் அதே பார்கோடைக் கேட்பார்கள். ஒரு பார்கோடை ஓர் இடத்துக்குத்தான் கொடுக்கலாம், பெரிய தொகை எங்கே என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

தகர டப்பா லேபிளைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். மை கலங்கும், காய்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான டப்பாக்களில் காகிதம் ஒரு நீளக் கோட்டில் மட்டும்தான் ஒட்டியிருக்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் கத்தியால் கீறினால் காகிதம் தானாகக் கழன்றுவரும். பிளாஸ்டிக் பைகளில் உள்ள பார்கோடை வெட்டி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டுப் பிறகு சேருங்கள்.

இன்னொரு விஷயம், யாரும் தாளில் எழுதுவதில்லை: வேர்க்கடலை ஒவ்வாமை. கடலை வெண்ணெய் ஜாடி லேபிள், கிரானோலா உறை இவையெல்லாம் வகுப்பறையில் திறந்த பெட்டியில் கிடந்தால், ஒவ்வாமையுள்ள பிள்ளை இருக்கும் வகுப்பில் ஆபத்து. பள்ளிச் செவிலியரிடம் முதலிலேயே பேசுங்கள். சேகரிப்புப் பெட்டியை வகுப்பறையில் வைக்காமல் அலுவலக வரவேற்பில் வைப்பது, மூடிய ஜிப் பையில் மட்டும் வாங்குவது, இரண்டும் செய்தால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எறும்பும் வராது.

5. பால் மூடிகள்

இவற்றை சோப்புத் தண்ணீரில் அலசி, கவிழ்த்து இரண்டு நாள் உலர்த்தாமல் பையில் போட்டால் பூஞ்சை பிடித்து நாறும். நாற்றமெடுத்த பையை அலுவலக அம்மா ஒருமுறை முகர்ந்தால் உங்கள் பெட்டிக்கு இடம் போனது. எந்த நிற மூடி, எந்த அளவு கேன் என்பது விதியில் இருக்கும். நிறம் தவறினால் எண்ணிக்கையில் சேராது. மூடி இலேசானதாகத் தெரிந்தாலும் இடம் அடைக்கும். ஒன்று 2 கிராம் என்று வைத்தாலும் ஆயிரம் மூடி 2 கிலோ. பால் நிறுவனத்தின் கிளையில் நேரில் கொடுக்க முடிகிற ஊரில் இருந்தால் மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. எண்ணுவது, கட்டுவது

மாதம் ஒருமுறை எண்ணுங்கள். வருட முடிவில் எண்ணலாம் என்று விட்டால், பாதி லேபிள் காலாவதியாகியிருப்பது அப்போதுதான் தெரியும். இரண்டு பேர் சேர்ந்து எண்ண வேண்டும், அவர்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டாம். பணமாக மாறப்போகிற பொருள் என்பதால் இந்தச் சம்பிரதாயம்.

திட்டம் கேட்கும் கட்டின் அளவில் கட்டுங்கள், 50 என்றால் 50, 100 என்றால் 100. 49 இருந்தால் கழிப்பார்கள், 53 இருந்தால் மூன்றுக்குக் காசு வராது. ஒவ்வொரு பை மேலும் எண்ணிக்கை, எண்ணிய தேதி, எண்ணியவரின் முதலெழுத்து எழுதுங்கள்.

எடை போட்டு எண்ணும் குறுக்குவழி உண்டு: சமையலறைத் தராசில் 100 லேபிளை நிறுத்து, மொத்த எடையை அதால் வகுத்து, நூறால் பெருக்குவது. ஒரே வகையாக இருந்தால்தான் சரிவரும். டப்பாவின் மெல்லிய காகிதமும் சீரியல் பெட்டி அட்டையும் கலந்திருந்தால் கணக்கு எங்கேயோ போகும், ஒரு அட்டைத் துண்டு பல காகிதத் துண்டின் எடை இருக்கும். முதலில் வகை பிரியுங்கள். கடைசிக் கட்டைக் கையால் எண்ணிச் சரிபாருங்கள்.

7. அனுப்புவது

தபால் செலவு இந்தத் திட்டங்களைச் சத்தமில்லாமல் தின்றுவிடும். ஆயிரம் லேபிள், 3 சென்ட் வீதம், 30 டாலர். யு.எஸ்.பி.எஸ். (அமெரிக்கத் தபால் துறை) நடுத்தர ஃபிளாட் ரேட் பெட்டிக்கு, அதாவது எடை எதுவானாலும் ஒரே கட்டணம் வாங்கும் பெட்டிக்கு, அதில் பெரும்பகுதி போய்விடும். லேபிள் எடை குறைந்த பொருள்.  எடைக்குக் கட்டணம் வாங்கும் கிரவுண்ட் அட்வான்டேஜ் மாதிரிச் சேவையில் பழைய அட்டைப் பெட்டியிலோ தடித்த உறையிலோ அனுப்புங்கள். செலவைச் சங்கம் தருமா என்று முன்பே கேளுங்கள். ரசீதை வைத்திருங்கள்.

கடைசித் தேதியை இரண்டு தடவை படியுங்கள். அன்றைக்குள் தபால் முத்திரை விழ வேண்டுமா, அன்றைக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டுமா? இரண்டும் வேறு. தெருப் பெட்டியில் போட்ட உறைக்கு மறுநாளோ அதற்கும் பிறகோ முத்திரை விழலாம். கெடு நெருங்கியிருந்தால் தபால் நிலையக் கவுன்டரில் கொடுத்து, அங்கேயே முத்திரை குத்தச் சொல்லிக் கேளுங்கள். கண்காணிப்பு எண் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள். உறையை ஒட்டும் முன் படிவத்தையும், வரிசையாக வைத்த கட்டுகளையும் படமெடுங்கள். "எங்களுக்கு 800 தான் வந்தது" என்று பதில் வந்தால் பேச உங்களிடம் வேறு ஆதாரம் இருக்காது.

சேகரிப்பை நிறுவனத்தின் கெடுவுக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்துங்கள். அறிவிப்பில் அந்த முந்தைய தேதியை மட்டும் எழுதுங்கள். இரண்டு தேதியும் எழுதினால் எல்லோரும் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

8. செக் வந்த பிறகு

செக் உடனே வராது. சில மாதம் ஆகும், கோடை விடுமுறையில்கூட வரலாம். அதில் முந்தைய ஒருங்கிணைப்பாளரின் பெயர் இருந்தால் அலுவலகம் யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் ஓரமாக வைத்துவிடும். ஆறு மாதம் தாண்டிய செக்கை ஏற்றுப் பணம் தரவேண்டிய கட்டாயம் அமெரிக்க வங்கிகளுக்கு இல்லை. 90 நாளில் செல்லாது என்று அச்சிட்டவையும் உண்டு. எதிர்பார்க்கும் தொகை, நிறுவனத்தின் பெயர், தோராயமான மாதம் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அலுவலகச் செயலரிடம் கொடுத்து வையுங்கள்.

வந்த செக்கைத் தொகையோடு ஒப்பிட்டுப் படமெடுத்து, அன்றே பொருளாளரிடமோ அலுவலகத்திலோ ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தக் கணக்கில் போட்டுவிட்டுப் பிறகு மாற்றித் தரலாம் என்ற யோசனையே வேண்டாம்.

ஒரு வார்த்தை, லேபிளுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும்: பெற்றோரில் பலர் ஐ.டி. நிறுவனங்களில் வேலை செய்யும் பள்ளியென்றால், ஊழியர் தரும் நன்கொடைக்கு நிகராக நிறுவனமும் ஒரு தொகை தரும் வசதி அவர்கள் அலுவலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தன்னார்வ மணிநேரத்துக்குக்கூடப் பணம் தரும் நிறுவனங்கள் உண்டு. நீங்கள் லேபிள் எண்ணிய மணிநேரமும் அதில் கணக்காகலாம்.

மே மாதம் பள்ளி மூடும் முன் அடுத்த ஆளுக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்: தளங்களின் உள்நுழைவு (உங்கள் சொந்த மின்னஞ்சலில் இல்லாமல் சங்கத்தின் மின்னஞ்சலில்), பள்ளிக்குத் தந்த திட்ட எண், இ.ஐ.என். கடிதத்தின் நகல், மாதாந்திர எண்ணிக்கைத் தாள், இன்னும் வராத செக்குகளின் பட்டியல். பழைய அறிவிப்புத் தாளை அந்தக் கோப்பில் வைக்காதீர்கள், கிழித்துப் போடுங்கள்.